தற்செயலா, எதிர்பாராததா?

இன்றைய சொல்லாராய்ச்சிக்கு ‘அக்சிடென்டல்’ என்ற ஆங்கிலப் பெயரடையை எடுத்துக்கொள்வோம்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலே இரண்டு பேர் சந்திக்கிறார்கள். “உம்மைக் காணுவன் எண்டு நினைக்கேல்லை. தற்செயலாய்த்தான் இந்த வள்ளத்திலை வந்தனான்” என்கிறார் ஒருவர். ஆங்கிலத்தில் ‘அக்சிடென்டல்’ என்று சொல்லும் இடத்தில் நமது தீவுப்பகுதி மக்கள் இயல்பாகச் சொல்வது ‘தற்செயல்’ என்பதுதான். தன் என்பதும் செயல் என்பதும் சேர்ந்து தற்செயல் ஆயிற்று. ஒருவரும் திட்டமிடாமல் தானாகவே நடந்த காரியம் என்பது இதன் கருத்து. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் இதற்குத் தூரமானதன்று. மேலே வந்து விழுதல் என்பதே அதன் பழைய பொருள்.

இச்சொல் கெட்டதற்கு மட்டும் உரியதன்று. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் இலண்டனில் பெனிசிலினைக் கண்டறிய வழிகாட்டியது, கிருமி வளர்த்த தட்டிலே தானாக வந்து படிந்த பூஞ்சணம். அதை அவர் வரவழைக்கவில்லை. அதனால் அதனைத் தற்செயலான கண்டுபிடிப்பு என்கிறோம்.

நெடுந்தீவுக் குதிரைகளையும் இங்கே நினைக்கலாம். அந்நியர் ஆட்சிக் காலத்தில் அத்தீவிலே குதிரை வளர்ப்பு நடந்தது. அது வேண்டுமென்றே செய்த காரியம். வளர்த்தவர்கள் போன பின்னர், கட்டுவாரின்றி அவை வெளிகளில் பெருகித் திரிவது எவரும் நோக்காத விளைவு. ஆகவே ஒரே கதையிலே செயல் நோக்கத்தோடு நடந்ததாகவும், விளைவு நோக்கமற்றதாகவும் இருக்கலாம். ‘அக்சிடென்டல்’ என்று சொல்லுமுன் எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் இச்சொல்லை இன்னும் கண்டிப்பாகவே கையாளுகிறது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, நடந்தது விபத்து என்று சொல்லி ஒருவர் குற்றத்திலிருந்து விலக வேண்டுமானால், அவருக்குக் குற்ற எண்ணமோ குற்ற அறிவோ இருந்திருக்கக் கூடாது. செய்த காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். உரிய கவனத்தோடும் அதைச் செய்திருக்க வேண்டும். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய வள்ளம் கவிழ்ந்தால் ஓட்டி அதை விரும்பவில்லை என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் கவனம் எங்கே போயிற்று என்ற கேள்வி எஞ்சி நிற்கும். அங்கே ‘தற்செயல்’ என்ற சொல்லைவிடக் ‘கவனயீனம்’ என்ற சொல்லே பொருந்தும்.

இனி, நாம் அடிக்கடி மயங்கும் இடத்துக்கு வருவோம். ‘எதிர்பாராத’ என்ற சொல்லையும் ‘தற்செயலான’ என்ற சொல்லையும் ஒன்றுபோலவே எழுதிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. ‘தற்செயல்’ என்பது செய்தவரின் மனத்தைப் பற்றிய சொல். அவருக்கு நோக்கமில்லை என்று அது சாட்சி சொல்கிறது. ‘எதிர்பாராத’ என்பது பட்டவரின் மனத்தைப் பற்றிய சொல். அவர் அதை நினைத்திருக்கவில்லை என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நமது கடலே காட்டியிருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட அதில் வந்த பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் குறைந்தது 23 பேர். ஊரிலே நினைவுகூரப்படுவோரின் தொகை 30க்கும் மேல். இதைச் செய்தவர்கள் கடற்படையினரே என்று உயிர் தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள்.

காலையில் படகேறியவர்களுக்கு அது எதிர்பாராதது. கையில் ஆயுதத்தோடு ஏறியவர்களுக்கு அது எதிர்பாராதது அன்று, தற்செயலும் அன்று. இதைப் ‘படகு விபத்து’ என்று ஒருவர் எழுதினால் பொய் எழுதியவராவார். ‘அசம்பாவிதம்’ என்று எழுதினாலோ பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. நடக்கத் தகாதது நடந்தது என்று சொல்லும் அச்சொல், நடத்தியவர் எவர் என்பதை விட்டுவிடுகிறது. நம் பத்திரிகைத் தமிழிலே மிக வசதியாக வந்து உட்கார்ந்துகொண்ட சொல் அது.

கிராமத்துப் பேச்சு இவ்விடயத்தில் நுட்பமானது. வயது போய் இறந்தவரை “தவறிப்போனார்” என்பார்கள். வீதியிலே அடிபட்டவரை “அக்சிடென்ற் பட்டவர்” என்பார்கள். கொல்லப்பட்டவரைப் பற்றிச் சொல்லும்போது “கொண்டுபோட்டாங்கள்” என்று வினைக்கு ஓர் எழுவாயை வைத்தே சொல்வார்கள். எழுவாயின் பெயர் தெரியாவிட்டாலும், அப்படி ஒருவர் இருந்தார் என்பதை அந்த வினைமுற்று மறக்கவிடாது.

ஆகவே நேயர்களே, ‘அக்சிடென்டல்’ என்பதைத் தமிழாக்கும்போது முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். செய்தவருக்கு நோக்கம் இருந்ததா? இல்லையென்றால் ‘தற்செயல்’ என்று எழுதுங்கள். நோக்கமில்லாவிட்டாலும் கவனம் தவறியிருந்தால் ‘கவனயீனம்’ என்று எழுதுங்கள். நோக்கம் இருந்திருந்தால் அந்தச் செயலுக்குரிய பெயரையே எழுதுங்கள். பட்டவர்கள் எதிர்பார்க்கவில்லை என்பதற்காகச் செய்தவர்களுக்கு ‘தற்செயல்’ என்ற சொல்லைக் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்த வாரம் வேறொரு சொல்லோடு சந்திப்போம்.