தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமா?

மகளின் தலைப்பிரசவத்துக்காக நான் அமெரிக்கா போனது 1999-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். சுக்கு, ஓமம், கண்டந்திப்பிலி, தூளிக்குப் பழைய புடவை என்று பெட்டி கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போனவள், ஒரு பந்து விளையாட்டுக்காரரின் கதையோடு திரும்பி வந்தேன். "உனக்கும் பந்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்று என் அக்காவே கேட்டாள். சம்பந்தம் இருக்கிறது. அந்த மனிதர் அன்றைக்கு டி.வி.யில் விழுந்ததைப் பார்த்திருக்காவிட்டால், நான் விழுந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லியே இருக்கமாட்டேன்.

மகள் வீடு கலிபோர்னியாவில் சான் ஹோசே ஊரில். ஒரு வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனேன். அந்த ஊர்த் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். எண்ணெய்க் கால் வழுக்கியது. பின்மண்டை தொட்டி விளிம்பில் 'ணங்' என்று மோதியது. சில விநாடி கண்ணுக்கு முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மெல்ல எழுந்து, குளித்து முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"என்னம்மா சத்தம்?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லை. செம்பு விழுந்தது."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுக்கு நிறைமாதம். நான் செய்ய வந்தவள், படுக்க வந்தவள் இல்லை. அதோடு, அந்த ஊரில் டாக்டர் வாசலை மிதித்தாலே எவ்வளவு ஆகும் என்று யார் யாரோ சொல்லிப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ரத்தம் இல்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் போகவில்லை. மண்டைக்குள் ஒரு கனம். வெளிச்சத்தைப் பார்த்தால் கூசியது. சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்று ஞாபகம் வராமல் இரண்டாம் தடவையும் போட்டேன். காரணமே இல்லாமல் மகள் மேல் எரிந்து விழுந்தேன். பிரயாண அலுப்பு, தண்ணீர் மாறினது என்று ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயந்திரம்

செப்டம்பர் 27-ஆம் தேதி. மாப்பிள்ளை ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் ஊர் அணியான சான் ஃபிரான்சிஸ்கோ நாற்பத்தொன்பதர்களுக்கும் அரிசோனா அணிக்கும் ஆட்டம். நாம் ஃபுட்பால் என்று சொல்கிறோமே, அது இல்லை இது. பந்து முட்டை வடிவம். காலால் உதைப்பதைவிடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். ஓடுகிறவனை மற்ற அணிக்காரர்கள் ஆள்மேல் ஆளாக விழுந்து சாய்ப்பார்கள். எல்லோரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, தோளில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு, பார்க்கவே பூதம் மாதிரி இருந்தார்கள்.

"நடுவில நிக்கிறார் பாருங்க அத்தை, அவர்தான் குவார்ட்டர்பேக். தளபதி மாதிரி. பந்தை யாருக்கு வீசணும்னு முடிவு பண்றது அவர்தான். அதனால எல்லாரும் அவரைத்தான் குறி வைப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

அந்தத் தளபதியின் பெயர் ஸ்டீவ் யங். பெயர்தான் யங்; வயசு அப்போதே 38 ஆகப் போகிறது. அந்த விளையாட்டில் அது கிழவர் வயசு. ஜோ மான்டானா என்ற மகா ஆட்டக்காரருக்குப் பின்னால் நான்கு வருஷம் பொறுமையாகக் காத்திருந்து இடத்தைப் பிடித்தவர். 1995 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில், கோலுக்குச் சமமான டச்டவுனுக்கு ஆறு தடவை பந்து வீசிச் சாதனை செய்தவர். நடுவில் சட்டப் படிப்பையும் முடித்துப் பட்டம் வாங்கியவர். அடிக்குப் பயந்து ஒதுங்கத் தெரியாதவர். பந்தோடு தானே கூட்டத்துக்குள் பாய்ந்துவிடுவார். அதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதுவேதான் வினையாகவும் முடிந்தது.

முதல் பாதி ஆட்டம் முடிகிற சமயம். எதிர் அணிக்காரர் ஒருவர் தடுப்பாரே இல்லாமல் ஓடி வந்து மோதினார். யங் மல்லாந்து விழுந்தார். விழுந்தவர் அசையவில்லை. கை கால் துவண்டு கிடந்தார். ஆயிரக்கணக்கான ஜனம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த மைதானம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. "ஐயோ, பெத்தவ பாத்துக்கிட்டிருப்பாளே!" என்று என் வாயிலிருந்து வந்தது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்தே வெளியே போனார். "அப்பாடா, ஒண்ணுமில்லை" என்றேன்.

"இல்லத்தை, இதுதான் ஆபத்து. அடிபட்டவங்க எழுந்து நடப்பாங்க, பேசுவாங்க. ஆனா தலை வலிக்கும், வெளிச்சம் கூசும், இப்ப நடந்தது மறந்து போகும், கோபம் கோபமா வரும். மூளை அதிர்ச்சி. இவருக்கு ஏற்கெனவே பல தடவை ஆயிருக்கு" என்று மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார்.

எனக்கு அடிவயிறு சில்லென்றது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என்னைப் பற்றியே சொல்வது போல் இருந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை விழுந்தது செம்புதானா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

தூக்கில் உறைந்த தயிர்

மறுநாள் டாக்டர் பார்த்தார். தலையைப் படம் எடுத்ததில் ரத்தக் கசிவு இல்லை. ஆனால் மூளை அதிர்ந்திருக்கிறது, அது படத்தில் தெரியாது என்றார். மூளை மிக மிருதுவானதாம். மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறதாம். அடியின் வேகத்தில் உள்ளேயே ஆடி இடித்துக்கொள்கிறதாம்.

எனக்கு உடனே தயிர்தான் ஞாபகம் வந்தது. கெட்டியாக உறைந்த தயிரை எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போகிறோம். தூக்கு எங்கேயோ மோதுகிறது. தூக்கில் ஒரு சொட்டைகூட விழாது. மூடியைத் திறந்து பார்த்தால் தயிர் உடைந்திருக்கும். தலைக்கவசம் தூக்கைத்தான் காப்பாற்றும். தயிர் ஆடுவதைத் தடுக்க முடியாது.

இரண்டு நாள் நல்ல ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலை, இன்னொரு தடவை தலையில் இடித்துக்கொள்ளவே கூடாது – இதுதான் எனக்கு மருந்து. மாப்பிள்ளை தொட்டிக்குள் ரப்பர் விரிப்புப் போட்டு, சுவரில் கைப்பிடியும் வைத்துவிட்டார். நிறைமாத மகளும் அதே தொட்டியில்தானே ஏறி இறங்குகிறாள்! அதை நினைத்தபோதுதான், நான் மறைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது.

அக்டோபரில் பேத்தி பிறந்தாள். அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது என் தலை தெளிவாக இருந்தது.

நிறுத்தத் தெரிந்தவர்

யங் அந்த வருஷம் மறுபடி களத்தில் இறங்கவில்லை. அவருக்கு மூளை அதிர்ச்சி ஏழு தடவை ஆகியிருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். ஒரு தடவை பட்டது ஆறுவதற்குள் மறுபடி பட்டால், சின்ன அடிகூடப் பெரிதாக முடியலாம்.

இது அவர் ஒருவர் கதை மட்டும் இல்லை. டாலஸ் அணியின் தளபதி டிராய் எய்க்மன் 1994 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டார். அன்று இரவு ஆஸ்பத்திரி அறையில், "நாம ஜெயிச்சோமா?" என்ற தினுசில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பதில் சொன்னால் சந்தோஷப்படுவாராம். சில நிமிஷத்தில் மறுபடி அதே கேள்வி. அப்படிப்பட்டவர் சரியாக ஏழாம் நாள் சூப்பர் பௌலில் விளையாடினார்! அந்தக் காலத்தில் அதை வீரம் என்று கொண்டாடினார்கள். அவரும் 2001-இல் 34 வயசிலேயே ஓய்வு பெற்றார்.

யங் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு ஒரே கவலை. 2000 மார்ச்சில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று மகள் போனில் சொன்னாள். "அப்ப நிச்சயம் விட்டுடுவார் பாரு" என்றேன். டென்வர் அணியிலிருந்து கூப்பிட்டார்கள் என்றும் பேச்சு இருந்தது. பணம், புகழ், இன்னும் ஒரு வருஷம் என்கிற சபலம் – யாரை விட்டது?

ஜூன் மாதக் கடைசியில் மகளிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளே பேத்தியின் போட்டோவோடு ஒரு பத்திரிகைத் துண்டு. ஜூன் 12-ஆம் தேதி ஸ்டீவ் யங் ஓய்வு பெற்றுவிட்டார். விளையாட இன்னும் தன்னால் முடியும் என்று தெரிந்தே விலகுவதாகச் சொல்லியிருந்தார். மனைவி பார்பரா அப்போது கர்ப்பிணி. அந்த வருஷக் கடைசியில் அவர் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகவும் ஆனார்.

முடியாதபோது நிறுத்துவது பெரிய காரியமில்லை. முடியும் என்கிறபோதே, 'பிள்ளையின் பேர் எனக்கு ஞாபகம் இருக்கணும்' என்று நிறுத்துகிறானே, அவனல்லவா தைரியசாலி! அந்தப் பத்திரிகைத் துண்டைச் சாமி மாடத்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தேன்.

2005-இல் அவரைக் கௌரவித்து அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். இதற்கிடையே 2002-இல் இறந்துபோன மைக் வெப்ஸ்டர் என்ற பழைய ஆட்டக்காரரின் மூளையை டாக்டர் பென்னட் ஒமாலு பரிசோதித்து, பல வருஷ அடிகள் மூளையை எப்படிக் கெடுக்கின்றன என்று எழுதினார். 2009-இல் அந்த லீக்கும், மூளை அதிர்ச்சியின் அறிகுறி தெரிந்த ஆட்டக்காரரை அன்றைக்கே மறுபடி இறக்கக்கூடாது என்று விதியைக் கடுமையாக்கியது. கலிபோர்னியாவில் 2012 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது சட்டம். என் பேத்தி பள்ளிக்கூடத்தில் பந்தாடும்போது ஒரு தடவை தலை இடித்தது. டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை அவளை மைதானத்தில் விடவில்லை. அவள் அழுதாள், நான் சந்தோஷப்பட்டேன்.

தாய்மார்கள் கவனத்துக்கு

நம் வீட்டில் யாரும் அந்த விளையாட்டு ஆடுவதில்லை. ஆனால் தொட்டில், மாடிப்படி, சைக்கிள், குளியலறைப் பாசி எல்லாம் இருக்கின்றனவே!

– மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்றில்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், வெளிச்சம் கூசுவது, மறதி, சிடுசிடுப்பு எல்லாம் அடையாளம்தான். சில சமயம் மறுநாள்கூடத் தெரியும்.

– மீண்டும் மீண்டும் வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, காது மூக்கில் ரத்தமோ தண்ணீரோ வடிவது, எழுப்பினாலும் எழாத தூக்கம் – இதில் எது இருந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

– கைக்குழந்தை ஓயாமல் அழுதாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உச்சிக்குழி புடைத்திருந்தாலோ அப்படியேதான்.

– தலையில் அடிபட்டால் தூங்கவே விடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். டாக்டர் பார்த்துப் பயமில்லை என்று சொன்ன பிறகு தாராளமாகத் தூங்கலாம். தூக்கம்தான் மூளைக்கு ஓய்வு.

– ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவு இருந்தால் அது அதிகமாகலாம்.

– அடிபட்ட அன்றைக்கே பிள்ளையை மறுபடி விளையாட விடாதீர்கள். 'ஆம்பளைப் பிள்ளை, தாங்குவான்' என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று, சகோதரிகளே. பிள்ளை விழுந்தால் பதறுகிறோம். புருஷனுக்குத் தலைவலி என்றால் தைலத்தோடு ஓடுகிறோம். நாம் விழுந்தால் மட்டும் 'செம்பு விழுந்தது' என்கிறோம். நம் தலைக்கு வந்ததும் தலைதான். அடுத்த தடவை வலித்தால் 'ஒண்ணுமில்லை' என்று சொல்வதற்கு முன்னால் வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.