கப்பல் பட்டியலில் ஒரு புதூர்

டர்பனிலிருந்து ஒருவர் திருப்பூர் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பனியன் ஆர்டர் கொடுக்க அல்ல. அப்பாருக்கு அப்பாரு பிறந்த ஊரைத் தேடி. கையில் ஓர் எண்ணும், ஆங்கில எழுத்தில் ஓர் ஊர்ப் பெயரும் மட்டுமே. அதை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிட முடியுமா? பல நேரம் முடியும்.

சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஆளுக்கோர் எண் உண்டு. பேரன் பேத்திகளின் வீட்டில் கிடக்கும் பழைய கல்யாண, மரணப் பதிவுகளில் அது பெரும்பாலும் இருக்கும். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் வரி கிடைத்துவிடும்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் அடையாளம். கெண்டைக்காலில் தழும்பு, கன்னத்தில் மச்சம் என்று குமாஸ்தா குறித்த அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஆள் கொஞ்சம் கண்ணில் படுகிறார். மொரீஷியஸ் போனவர்களின் சந்ததிக்கு அதிர்ஷ்டம் இன்னும் அதிகம். அங்கே 1860-களிலிருந்து போட்டோவே எடுத்தார்கள். பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

சிக்கல் இந்தப் பக்கம் வந்த பிறகுதான். பட்டியலில் ‘திருப்பூர் ஜில்லா’ என்று தேடினால் ஒரு வரியும் வராது. மாவட்டம் பிறந்ததே 2009-ல். அன்று எல்லாமே கோயமுத்தூர் ஜில்லா. திருப்பூர், பல்லடம் தாலுகாவில் ஓர் ஊர். தாராபுரத்தின் கதை இன்னும் வேடிக்கை: முதலில் கோவை, 1979-ல் பெரியார் மாவட்டம், பிறகு அதுவே ஈரோடு, இப்போது திருப்பூர். ஊர் ஓரடி நகரவில்லை.

அமெரிக்காவில் போலந்துக்காரர்களுக்கும் இதே தலைவலி. 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ஆகவே கப்பல் பட்டியலில் தாத்தா ரஷ்யர், ஆஸ்திரியர், ஜெர்மானியர் என்று ஏதோ ஒன்றாக நிற்பார். ஆனால் ஊர் தெரிந்துவிட்டால் அவர்கள் பாடு சுலபம். அந்தப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கும். ரஷ்ய ஆட்சிப் பகுதியில் 1868-க்குப் பின் அது ரஷ்ய மொழியில் இருக்கும், அவ்வளவுதான்.

நமக்கு ஊரைப் பிடிப்பதே பெரும்பாடு. சொன்னவர் கொங்குத் தமிழில் சொல்லியிருப்பார், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரு ‘புதூர்’ எத்தனை விதமாகவும் ஆகும். சரியாகவே எழுதியிருந்தாலும் இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு புதூர், எழுந்து நடந்தால் ஒரு பாளையம். தாலுகாப் பெயர் இல்லாவிட்டால் கதை முடிந்தது. வரைபடத்தை நோண்டுவதைவிட, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பெரியவர் ஒருவரைக் கேட்கச் சொல்வது என் பரிந்துரை. கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

பட்டப்பெயரை நம்பி இறங்கவும் கூடாது. தென்னாப்பிரிக்காவில் ‘கவுண்டன்’ என்று குடும்பப்பெயர் இருந்தால் உடனே காங்கேயத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. சேலம், வட ஆற்காடு வன்னியர்களும் கவுண்டர்களே. கப்பலேறும் முன் தங்கவைத்த டெப்போவில் சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

இங்குள்ள காகிதங்கள் எவ்வளவு உதவும்? சிட்டா, அடங்கல் எல்லாம் நிலம் வைத்திருந்தவனின் கதை. 1876–78 பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போன பண்ணையாளின் பெயர் அதில் ஏன் வரப்போகிறது? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் பற்றிய அரசு நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் தனி ஆளைத் தேடுவது பஞ்சுப்பொதியில் ஊசி தேடுகிற வேலை.

ஊருக்குள் போனால் கேள்வியே வேறு. “ஏனுங்க, நீங்க என்ன கூட்டம்? எந்தக் கோயிலுங்க?” கூட்டம் என்கிற குலப்பிரிவும் குலதெய்வமும் சொன்னால் பங்காளி வீடு எது என்று கை காட்டிவிடுவார்கள். வெள்ளைக்காரன் பாரத்தில் சாதிக்குக் கட்டம் இருந்தது, குலதெய்வத்துக்கு இல்லை. அதனால் டர்பனில் விமானம் ஏறுமுன் வீட்டிலேயே வயதான அத்தையிடம் ஒரு நாள் உட்கார வேண்டும்: எந்த மாசம் கிடா வெட்டினார்கள், எந்தச் சாமிக்கு, முதல் மொட்டை எங்கே என்று சொன்னார்கள், குழந்தைக்கு வைத்த முதல் பெயர் யாருடையது.