பேய்ப்படம் பார்த்த ஒழுங்கை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பேய்ப்படம் பார்ப்பதென்றால் ஒழுங்கையே கூடவேண்டும். ரீவியும் டெக்கும் வாடகைக்கு வரும், ஜெனரேற்றர் இன்னொரு வீட்டிலிருந்து வரும். பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலம். ஆகவே காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். முற்றம் முழுக்கப் புகை. ‘13-ம் நம்பர் வீடு’ம் ‘உருவ’மும் அப்போது வந்த படங்கள். பேயும் செய்வினையும் ஒரு குடும்பத்தை ஆட்டிவைக்கும்போது பிள்ளைகள் அம்மம்மாவின் சேலைக்குள் முகம் புதைப்பார்கள். பொம்மர் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பங்கருக்குள் ஓடுவோம். சத்தம் ஓய்ந்ததும் பேய் விட்ட இடத்திலிருந்து வரும். சனம் விரும்பிப் பயந்தது அந்தப் பேய்க்கு மட்டும்தான்.

2009 மார்ச்சில் விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ வெளியானது. புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவரும் கூட்டுக்குடும்பத்தில் நடப்பதெல்லாம் பகல் ஒரு மணித் தொலைக்காட்சித் தொடரிலும் நடக்கிறது. முன்பு அங்கே வாழ்ந்து கொல்லப்பட்ட குடும்பம் அந்த வீட்டை விடவில்லை. அருமையான கற்பனை. ஆனால் அந்த மாதம் வன்னியில் எங்கள் உறவுகள் ஷெல்லடிக்குள் கிடந்தார்கள். இங்கே இரவில் நாய் குரைத்தால், ஆளைப் பிடிக்க வருகிறார்களோ என்று விளக்கை அணைப்போம். குரைப்பு எந்த ஒழுங்கைக்கு நகர்கிறதென்று காது கொடுத்துக் கிடப்போம்.

போர் முடிந்தும் அந்த இரவுப் பயம் விடவில்லை. 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் வந்தது; உடம்பில் கிறீஸ் பூசி இரவில் வீடுகளுக்கு வரும் மர்ம மனிதர்களைச் சனம் அப்படி அழைத்தது. நாவாந்துறையில் சனம் துரத்த, அந்த மர்ம மனிதர்கள் இராணுவத்தினரிடம் ஓடித் தப்பியதாக ஊரார் சொன்னார்கள். அன்றிரவே படையினர் வீடு புகுந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றனர்.

இன்று அந்தக் கால றீகல், வெலிங்டன், வின்சர் தியேட்டர்கள் எதுவும் இல்லை. கார்கில்ஸ் கட்டடத்துக் குளிரூட்டிய அரங்கில் இளசுகள் பேய்ப்படத்துக்குக் கத்திச் சிரிக்கிறார்கள். மிச்சப்பேர் அறைக்கதவைச் சாத்தி, காதில் இயர்ஃபோனோடு கைபேசியில் பார்க்கிறார்கள். பேய்க்கு மட்டும் பயப்படும் ஒரு தலைமுறை வந்திருப்பதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி.

ஒரு குறை மட்டும் உண்டு. படங்களில் பார்க்கிற பேய்வீடெல்லாம் சென்னை வீடு, மலைநாட்டு பங்களா. அங்கே குடும்பம் பிறர் வீட்டுக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. இங்கே 1990இல் வலிகாமம் வடக்குக் குடும்பங்கள் சொந்த வீட்டை விட்டு ஓடி, இரவல் வீடுகளிலும் முகாம்களிலும் பிள்ளை பெற்று வளர்த்தன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுவிக்கப்பட்டபோது, 27 வருடம் கழித்துத் திரும்பியவர்கள் பற்றைக்குள் தங்கள் கிணற்றைத் தேடினார்கள். பல வளவுகளில் சுவரே இல்லை.

2015 முதல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது வீடிழந்த இந்தக் குடும்பங்களின் பேய்ப்படத்தை எடுக்கவேண்டும். கூரையில்லாத வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. இடித்துப் புதிது கட்டுவதற்கு முன் கமெராவோடு போங்கள்.