காலி கிளாஸில் ஒரு கம்பெனியின் வரலாறு

விரல் நீளம்கூட இல்லாத, மெல்லிய கண்ணாடி கிளாஸ். அதன் மேல் வெள்ளை எழுத்தில் ஒரு விஸ்கியின் பெயர். கீழே கம்பெனியும் ஊரும். நம் ஊர்க் கடைகள் புத்தாண்டுக்குக் காலண்டர் கொடுப்பது போல, 1880களிலிருந்து மதுவிலக்கு வரும்வரை அமெரிக்க மதுபானக் கம்பெனிகள் இந்த ஷாட் கிளாஸ்களை இலவசமாகக் கொடுத்தன. இன்று அவற்றைத் தேடி அலையும் சேகரிப்பாளர்கள் ஏராளம்.

இவற்றில் அதிகம் கண்ணில் படுவது ஹெய்னர் கிளாஸ். ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் லூயிஸ் ஹெய்னர் தொடங்கிய ஆலையுடையது அது. 1892இல் அவர் இறந்தபின் அவருடைய சகோதரரின் மகன் வில்லியம் ஹெய்னர் தொழிலை ஏற்றார். தபாலில் விஸ்கி விற்பதில் பெயர் பெற்றார். நான்கு குவார்ட் பாட்டில்கள் 3.20 டாலர், அனுப்பும் செலவும் கம்பெனியுடையது என்று பத்திரிகைகளில் விளம்பரம் வரும். சாராயக் கடையே இல்லாத ஊர்களுக்கும் சரக்கு போய்ச் சேர்ந்தது. 1913இல் வந்த வெப்-கென்யன் சட்டம் அந்த வழியில்தான் கைவைத்தது: மதுவைத் தடுத்த மாநிலங்களுக்குள் அவற்றின் சட்டத்தை மீறிச் சரக்கு அனுப்பக் கூடாது என்றது. வில்லியமின் மனைவி மேரி ஜேன் 1914இல் டிராயில் கட்டிய மாளிகை இப்போது ஊர்மக்களின் கலாசார மையமாக இருக்கிறது.

கிளாஸில் 'டிஸ்டிலர்ஸ்' என்று எழுதியிருந்தாலே அது விஸ்கி வடித்த கம்பெனி என்று நம்பிவிட முடியாது. சின்சினாட்டி, லூயிவில் போன்ற நகரங்களில் பல வியாபாரிகள் ஆலைகளிலிருந்து சரக்கு வாங்கி, கலந்து, நிறமேற்றி, தங்கள் பெயரில் விற்றார்கள். எதை விஸ்கி என்று அழைக்கலாம் என்ற வழக்கு அதிபர் டாஃப்ட் வரை போய், 1909இல் அவரே தீர்ப்புச் சொன்னார். தேடலின் உண்மையான ருசி இங்கேதான் இருக்கிறது: கம்பெனி பெயரை அந்தக் கால நகர விவரப் புத்தகங்களில் தேடினால் அவர்கள் எந்தத் தெருவில், எந்த ஆண்டுகளில் கடை வைத்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும். கிளாஸின் வயதும் அதிலேயே கிடைத்துவிடும்.

எழுத்தைப் பொறித்த கைகளுக்கும் மதிப்பு உண்டு. மேரிலாந்தின் கம்பர்லாந்து நகரில் ஜார்ஜ் ட்ருவாக் நடத்திய கண்ணாடிப் பொறிப்புப் பட்டறையின் வேலை என்று அடையாளம் காணப்படும் கிளாஸ்களுக்குத் தனி மவுசு.

1920 ஜனவரி 17 அன்று நாடு முழுவதும் மதுவிலக்கு அமலானது. மருந்துக்கென விற்க உரிமம் பெற்ற சில கம்பெனிகள் தப்பின. 1933இல் தடை நீங்கியபோது பழைய பெயர்களில் பெரும்பாலானவை திரும்பவில்லை. அவற்றில் பலவற்றுக்கு இந்தக் கிளாஸ்தான் மிஞ்சிய சாட்சி.

அப்படி ஒன்று கைக்குக் கிடைத்தால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். வெள்ளை எழுத்து தேய்ந்துபோனால் அந்தக் கம்பெனியின் பெயரை மீட்க வழியில்லை.