அயலான் என்னும் எண்ணம்

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் சாந்த்ராகாச்சியில் வண்டியிலிருந்து இறங்கினேன். கொல்கத்தாவுக்கு அக்கரையில், ஹௌராவை அடுத்துள்ள சந்திப்பு நிலையம் அது. பட்டமும் வேலைக்கான ஆணையும் பெட்டிக்குள் இருந்தன, "இவை எனக்கு உரியவைதாமா?" என்ற ஐயம் நெஞ்சுக்குள் இருந்தது. நாளை வெளியூருக்கு வேலைக்குச் செல்லவிருக்கும் தோழர்கள் இந்த ஐயத்தின் இயல்பை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

அலுவலகத்தில் எல்லாரும் வங்காளியில் பேசிச் சிரிப்பார்கள். என்னைக் குறித்தே சிரிக்கிறார்கள் என்று எண்ணுவேன். என் கணக்குச் சரியாக வந்தால் தற்செயல் என்பேன். பிழையானால் "இதுதான் என் தகுதி" என்பேன். ஐயம் கேட்டால் அறியாமை வெளிப்பட்டுவிடுமே! ஆகவே கேளாதிருந்தேன். கேளாமையால் பிழை பெருகிற்று. பிழை பெருகவே அச்சமும் பெருகிற்று.

வீட்டாரோ, "சி. வி. ராமனைப் பார், அவரும் அங்கே போனவர்தானே!" என்பார்கள். மலையைக் காட்டினால் மடு உயருமா? ராமன் 1907-இல், 18 வயதில், நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றார். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் பவுபஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 10 ஆண்டுகளுக்குப் பிறகே, 1917-இல், பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அந்த ஆய்வுக்கூடத்தில் ஆசுதோஷ் தே என்ற வங்காளியர் அவருக்குத் துணைநின்றார் என்பதை நான் அப்போது கருதிப் பார்க்கவில்லை. ராமன் தனியே உழைத்தவர் அல்லர்.

இந்த அச்சத்தைப் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1978-இல் ஆராய்ந்து எழுதினர். அவர்கள் கண்டவர்கள் தேறாதவர்கள் அல்லர். படிப்பிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150-க்கும் மேற்பட்ட பெண்கள். தம் வெற்றி நல்லூழால் வந்தது, ஒருநாள் குட்டு வெளிப்படும் என்று அஞ்சியவர்கள். இத்தகையோர் கூடி மனம்விட்டுப் பேசுவது பயன் தரும் என்றனர் அவ்வறிஞர்கள். காரணம் எளியது. பிறருடைய முகத்தை மட்டும் பார்க்கிறோம். நம் நெஞ்சையோ முழுதும் அறிவோம். ஒப்பீடு எப்படிச் சரியாகும்?

2011-இல் வால்ட்டன், கோயன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அணுக்கமானது. "தொடக்கத்தில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, நாளடைவில் நீங்கிற்று" என்ற மூத்த மாணவர்களின் கூற்றைப் புதிய மாணவர்களைப் படிக்கச் செய்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலைதான். அதனைப் படித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன.

எனக்கு அந்த மருந்து ஏரிக்கரையில் கிடைத்தது. குளிர்காலத்தில் சாந்த்ராகாச்சி ஏரியின் ஆகாயத்தாமரைத் திட்டுகளில் சிறகி வாத்துகள் நெருங்கி அமர்ந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் எல்லாரும் 'தாதா' என்று அழைக்கும் பெரியவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். அரைகுறை இந்தியில் மனத்தைக் கொட்டினேன்.

"நான் மேதினிப்பூர் நாட்டுப்புறத்தான். நகரத்தார் பேச்சுக்கு அஞ்சி முதல் ஆண்டு முழுதும் வாயே திறக்கவில்லை" என்றார் அவர்.

"அப்படியானால், அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பது?"

"உன்னையா? மோகன் பகான் தோற்றால் ஈஸ்ட் பெங்கால்காரன் சிரிக்கமாட்டானா?"

மறுநாள் ஒரு கணக்கைக் கொண்டுபோய் அவரிடம் விளக்கம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இருவருமாகச் சேர்ந்து மூன்றாமவரைத் தேடிப் போனோம்.