அளவுகோல் அசையலாமா?

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையில் இருக்கிறது திருமழபாடி. அங்கே ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். எதை வைத்து அளப்பீர்கள்? மணல் திட்டை வைத்தா? வெள்ளம் வந்தால் மணலே இடம் மாறிவிடுமே! கரையில் அசையாத கல் ஒன்றில் கோடு போட்டு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

தேயிலையை ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் இப்படி ஓர் அசையாத கல் தேவைப்படுகிறது. எதற்குத் தெரியுமா?

நீலகிரி, வால்பாறை மலைகளில் வளரும் தேயிலைச் செடிகளைக் கொப்புள நோய் தாக்குகிறது. இது ஒருவகைப் பூஞ்சையால் வருவது. தென்னிந்தியாவில் 1946-ல் தலைகாட்டியது. டீத்தூளுக்காகப் பறிக்கும் இளங்கொழுந்தில்தான் இது கொப்புளம் போடும். அதனால் நோயைத் தாங்கும் செடிகளைத் தேடுகிறார்கள்.

செடியின் ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் (ஜீன்கள்) உண்டு. ஒரு மரபணு வேலை செய்யும்போது, ஆர்.என்.ஏ. என்ற செய்திச் சீட்டுகளை அனுப்பும். சீட்டு அதிகமானால் வேலையும் மும்முரம் என்று பொருள். கொரோனா காலத்தில் கேள்விப்பட்டோமே, அந்த பி.சி.ஆர். முறையில் இந்தச் சீட்டுகளை அளக்கலாம்.

ஆனால், ஒவ்வோர் இலையிலிருந்தும் ஒரே அளவு ஆர்.என்.ஏ. கிடைக்காது. தேயிலைக்குத் துவர்ப்புச் சுவை தரும் பொருள்களே அதைப் பிரித்தெடுக்க இடைஞ்சலாக இருக்கின்றன. அதனால், எப்போதும் ஒரே அளவில் வேலை செய்யும் வேறொரு மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதுதான் 'ஒப்பீட்டு மரபணு'.

ஒரு கணக்கு பார்ப்போமா? நல்ல இலையில் எதிர்ப்பு மரபணுவின் சீட்டுகள் 100, ஒப்பீட்டு மரபணுவின் சீட்டுகள் 50 என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 50-ஆல் வகுத்தால் 2. நோய் வந்ததும் எதிர்ப்பு மரபணு 200 சீட்டுகள் அனுப்புகிறது. ஒப்பீட்டு மரபணு 50-லேயே நின்றால் விடை 4. செடி போராடுவது தெரிந்துவிடும். ஆனால், ஒப்பீட்டு மரபணுவும் நோயால் தூண்டப்பட்டு 100 ஆகிவிட்டால்? விடை மறுபடியும் 2! 'இந்தச் செடி போராடவே இல்லை' என்று நல்ல செடியை ஒதுக்கிவிடுவார்களே!

சரி, அசையாத மரபணுவை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் ஐந்து கடிகாரங்கள் இருக்கின்றன. நான்கு ஒன்றாக ஓடுகின்றன, ஒன்று மட்டும் விலகுகிறது. எதை நம்பமாட்டோம்? விலகுவதைத்தானே! பெல்ஜியம் நாட்டின் கென்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2002-ல் இதே யோசனையை மரபணுக்களுக்குக் கொண்டுவந்தார்கள். பல மரபணுக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மற்றவற்றிலிருந்து விலகுவதை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். ஒன்றை மட்டும் நம்பாமல், குறைந்தது மூன்றையாவது சேர்த்துப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார்கள்.

சீன விஞ்ஞானிகள் 2014-ல் தேயிலையின் மரபணுக்களை இப்படிச் சோதித்தார்கள். எல்லாச் சூழலுக்கும் ஒரே மரபணு பொருந்தாது என்று தெரிந்தது. இலைக்குப் பொருத்தமானது வேருக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால், ஆராய்ச்சிக்கு முன்பே அளவுகோலைச் சோதித்துவிட வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு செடியின் வளர்ச்சியைப் பக்கத்துச் செடியோடு ஒப்பிட்டு ஒரு வாரம் குறித்து வாருங்கள். அதே செடியைத் தரையில் நட்ட குச்சியோடும் ஒப்பிடுங்கள். எந்தக் கணக்கு உண்மையைச் சொல்கிறது என்று உங்களுக்கே புரியும்!