பெயரில்லாத முன்னோர்



கண்டி மகியாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1835இல் பிறந்த இவர், 1852இல் இலங்கை வந்தார். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இந்நாட்டின் தேயிலைத் தொழில் அங்கே வேர்கொண்டது. வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. ஆகவே அவருடைய தொழிலையும் குடும்பத்தையும் எவரும் தேடி அறியலாம்.

1892 மே 2ஆம் நாள் டெய்லர் இறந்தபோது, 24 தொழிலாளர் இரு குழுக்களாக மாறி மாறி அவரது உடலைக் கண்டிவரை சுமந்து வந்தனர் என்பர். கல்லறைக் கல்லில் துரையின் பெயர் உண்டு. சுமந்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கே போய்த் தேடுவார்கள்?

இது வெறும் ஆர்வத்தினால் எழும் கேள்வியன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் அவருடைய தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்து அறையில் பிறந்து, தேயிலைக்கு உரமாகிப்போன மனிதருக்குப் பிறப்புச் சான்று ஏது? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருகரைகளிலும் பிரித்தது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது.

திருவிவிலியத்திலும் இத்தகையோர் உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பியவருள் சிலரால் தங்கள் தந்தையர் குலத்தை மெய்ப்பிக்க இயலவில்லை. குருக்கள் குடும்பத்தார் சிலர் தலைமுறைப் பதிவேட்டில் தேடியும் பெயர் காணாமல், குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். ஆயினும் எஸ்ரா நூலின் 2ஆம் அதிகாரம் அவர்களை மறைக்கவில்லை. குலத்தை மெய்ப்பிக்க இயலாதோர் 652 பேர் என்று எண்ணிக் குறித்துவைத்தது. சான்று இல்லாதவரும் இறைமக்களின் பயணத்தில் எண்ணப்பட்டனர் என்பதே அதன் ஆறுதல்.

"பாதர், தாத்தாவின் பெயர் இருக்கிறதா, பாருங்கள்" என்று கேட்டு வருவோருக்காகப் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைத் திறக்கும்போதெல்லாம் இந்த அதிகாரம் என் நினைவுக்கு வரும். குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள், இடம் என ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் உறவும் விசுவாசமும் அடங்கியிருக்கும். பெயர் கிடைத்தால் முதியவரின் விரல் அவ்வரியைத் தடவிப் பார்க்கும். கிடைக்காவிட்டால் அவர் மௌனமாய் எழுந்து செல்வார். அந்த மௌனத்துக்கு நாம் மறுமொழி சொல்லியாக வேண்டும்.

இந்த ஞாயிறு உங்கள் இல்லத்து முதியவரின் அருகே அமருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார்கள், எந்தக் கோவிலில் மணமுடித்தார்கள் எனக் கேட்டு எழுதிவையுங்கள். எழுதிய பெயர்களைச் சொல்லி இரவுச் செபத்தில் நன்றி கூறுங்கள். இறைவன் எவரையும் மறப்பதில்லை. மறவாமல் இருக்கும் கடமை நமக்கும் உண்டு.